அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏறிப் போன மாடி: கோத்தகிரியில் ஒரு நில ஆய்வு அலுவலகம்

கோத்தகிரி மார்க்கெட் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான மரப்படியில் ஏறினால் ஒரு சின்ன அறை. பெரிய போர்டு எதுவும் இல்லை. உள்ளே இரண்டு மேசை, சுருட்டி வைத்த வரைபடங்கள், ஜன்னலோரம் ஒரு இரும்பு பீரோ. அப்பா வருவாய்த் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் சிவில் இன்ஜினியர். வீடோ மனையோ வாங்கப் போகிறவர்களுக்காக இடத்தை நேரில் வந்து பார்த்து, காகிதங்களையும் பார்த்து, என்ன சரி, என்ன சரியில்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

நான் 31 வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். என் வீட்டுக்காரர் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இத்தனை வருஷமும் குவார்ட்டர்ஸ், அப்புறம் வாடகை வீடு. கையில் இருக்கும் பணத்தில் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் ஆசை. அந்த நேரம் பார்த்து வந்தது ஒரு புரோஷர். கட்டபெட்டு போகும் வழியில், பழைய தேயிலைச் சரிவில், 1 ஏக்கர் 20 சென்ட்டில் 22 ‘டவுன்ஹோம்’. அதாவது ஒன்றை ஒன்று ஒட்டி, பொதுச்சுவர் வைத்துக் கட்டும் வரிசை வீடுகள். ஒவ்வொன்றும் 1,480 சதுர அடி, விலை 68 லட்சம். படத்தில் பனி, பச்சை, பால்கனியில் காபி குடிக்கும் குடும்பம். நாங்கள் 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். அடுத்து 5 லட்சம் அட்வான்ஸ், பத்து நாள் டைம்.

எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. காரணம் 2009 நவம்பர். அந்த வாரம் நான் டூட்டியில் இருந்தேன். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. ரோடு இல்லை, ரயில் இல்லை, வீட்டுக்குப் போக வழியில்லாமல் இரண்டு நாள் வார்டிலேயே இருந்தோம். மண்ணுக்குள்ளிருந்து எடுத்து வந்தவர்களின் முகத்தில் இருந்த சேற்றை நான் என் கையால் துடைத்திருக்கிறேன். மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேலானவர்கள் போனார்கள். அதில் பலர் ராத்திரி தங்கள் சொந்த வீட்டுக்குள் படுத்திருந்தவர்கள். அதனால் சரிவில் வீடு என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சேறுதான். என் கூட வேலை பார்த்த ஒரு தங்கச்சிதான் இந்த அலுவலகத்தைச் சொன்னாள்.

கட்டணம் 9,000 ரூபாய், ஜீப் வாடகை 1,500 தனி. முதலில் கேட்டபோது அதிகமாகத் தெரிந்தது. மகள் அதற்காகக் கோபப்படவில்லை. “சிஸ்டர், புரோஷரை வெச்சுட்டுப் போங்க. அவங்ககிட்ட சர்வே நம்பர், நிலத்தோட அளவு காட்டுற புலப்படம், பட்டா நகல், இதுவரைக்கும் வாங்கின அனுமதி எல்லாம் கேட்டு வாங்கிட்டு வாங்க. கொடுக்கமாட்டேன்னு சொன்னா எனக்கு காசே வேண்டாம், அதுவே உங்களுக்கு ரிப்போர்ட்” என்றார். விற்பனை ஆபீஸில் கேட்டேன். பட்டா நகலும் புலப்படமும் கொடுத்தார்கள். அனுமதி பற்றிக் கேட்டால் “பிராசஸ்ல இருக்கும்மா” என்ற ஒரே பதில்தான்.

இடம் பார்க்கும் நாள் காலை ஏழரைக்கே வந்துவிட்டார்கள், அப்பாவும் மகளும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே இந்த அலுவலகத்தை நான் சிபாரிசு செய்வேன்.

அப்பா கையில் பித்தளையில் ஒரு பழைய கருவி வைத்திருந்தார். அப்னி லெவல் என்றார், சரிவின் கோணம் பார்ப்பது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டிலிருந்து கீழே ஓடை வரைக்கும் நாலு இடத்தில் நின்று பார்த்தார். மகள் குறித்துக்கொண்டார். அப்புறம் அப்பா என்னை ஒரு சில்வர் ஓக் மரத்துப் பக்கம் கூட்டிப்போனார். “அடிமரத்தைப் பாருங்கம்மா” என்றார். நான் எத்தனையோ வருஷமாகத் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரைக்கும் மரம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து வளைந்து, அதற்கு மேல் நேராகப் போயிருந்தது. பக்கத்து மரமும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே, ஒரே வரிசையில் ஐந்தாறு மரங்கள். மண் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்கிறது, மரம் அதைச் சமாளித்து மறுபடி நிமிர்கிறது என்று விளக்கினார். “மரம் வளைஞ்சு நிமிர்ந்துக்கும்மா. சுவரு வெடிக்கத்தான் செய்யும்.”

இன்னும் கொஞ்சம் கீழே போனோம். அது ஜனவரி மாதம், மழை நின்று வாரக்கணக்காகியிருந்தது. ஆனால் ஓர் இடத்தில் பெரணிச் செடி கோடு போட்ட மாதிரி குறுக்கே வளர்ந்திருந்தது. மகள் அங்கே செருப்பால் அழுத்தினார், மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்தது. புரோஷரில் அந்த இடத்தில்தான் 14-ஆம் நம்பர் வீடு. நாங்கள் டோக்கன் கொடுத்தது 15-க்கு.

இனி ரிப்போர்ட் பற்றி. பதினோரு பக்கம், தமிழில். சட்ட வார்த்தைகளை அப்படியே கொட்டாமல் எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். புரியாததை நேரில் உட்கார்ந்து சொன்னார்கள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், நீலகிரியில் வீடு தேடும் மற்றவர்களுக்கும் உதவும்.

இந்த மாவட்டத்துக்கு 1993-லிருந்து மலைவாசஸ்தலக் கட்டட விதிகள் இருக்கின்றன. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. சின்ன வீடு என்றால் உள்ளாட்சியிலேயே பிளான் அனுமதி கிடைக்கும். 1,500 சதுர அடியைத் தாண்டினால் ட்ரிபிள் ஏ கமிட்டி என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டடக்கலை, அழகியல் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். இப்போது புரோஷரில் இருக்கும் 1,480-ஐப் பாருங்கள். ஏன் அந்த எண் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மகள் கால்குலேட்டரில் 22-ஆல் பெருக்கிக் காட்டினார்: 32,560 சதுர அடி. ஒரே சரிவில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கப் போகும் 32,560 சதுர அடிக் கட்டடத்தை 22 சின்ன வீடுகளாகக் காகிதத்தில் பிரித்து, ஆளுக்கொரு விண்ணப்பம் போடுவதுதான் திட்டம். முதலில் நிலத்தின் பங்கை எங்கள் பெயருக்குக் கிரயம் செய்வார்கள், பிறகு கட்டுமான ஒப்பந்தம் தனியாக. “அப்போ அனுமதி கேட்கிறவர் பில்டர் கிடையாது, நீங்கதான் சிஸ்டர். நாளைக்கு சீல் வைக்க வந்தாங்கன்னா உங்க வீட்டுக் கதவுலதான் வைப்பாங்க” என்றார். என் வீட்டுக்காரர் அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தவர், அப்போதுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உயரமும் அப்படித்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் தரைத்தளம், முதல் தளம், சரிவுக் கூரை, அவ்வளவுதான். ஆனால் ரோட்டு மட்டத்துக்குக் கீழே பார்க்கிங் என்று ஒரு தளம், ஸ்டோர் என்று ஒரு தளம் தூண்களின் மேல் நிற்கிறது. அவர்கள் கொடுத்த குறுக்குவெட்டுப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து, அடிமட்டத்திலிருந்து கூரை வரை பன்னிரண்டரை மீட்டர் என்று மகள் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்.

அப்பா இதோடு ஒரு கொடைக்கானல் கதையும் சொன்னார். இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழுப்பிய ஓட்டல் விவகாரம். பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற அமைப்பு கோர்ட்டுக்குப் போனது, 1995-ல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கூடுதல் தளங்களை ஏற்கவில்லை. கட்டி முடித்துவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் மலையில் யாரும் பணம் போடக் கூடாது என்பதற்காகச் சொன்னார்.

அடுத்தது நிலத்தின் வகை. மாஸ்டர் பிளானில் அந்த சர்வே நம்பர் விவசாயத்தில் இருக்கிறது. பட்டா சுத்தமாக இருப்பது வேறு, அதில் குடியிருப்பு கட்டலாம் என்பது வேறு. இந்த இரண்டையும் நாங்கள் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தோம். குடியிருப்பாக மாற்ற நகர் ஊரமைப்புத் துறையில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். இது மலைப்பகுதி என்பதால் ஹாகா, அதாவது 1990-ல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வழியாகவும் போக வேண்டும். அங்கே வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை ஒவ்வொன்றும் கருத்துச் சொல்லும். அந்த சில்வர் ஓக்கை வெட்டுவதாக இருந்தாலும் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜேசிபி இறக்கவும், போர் போடவும் கலெக்டர் அனுமதி வேண்டும். இதில் ஒரு காகிதம்கூட அவர்களிடம் இல்லை.

ரெரா, அதாவது வீடு, மனை விற்பனையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம், பற்றி ரிப்போர்ட்டில் நாலே வரிதான், ஆனால் எங்கள் பணத்தைக் காப்பாற்றியது அந்த நாலு வரி. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, புக்கிங் வாங்கவும் கூடாது. பதிவு ஆன பிறகும்கூட, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கே பதிவு எண்ணே கிடையாது. எங்களிடம் டோக்கன் வாங்கியதே தவறு.

எனக்கு மனதில் நின்றது வேறு ஒரு பக்கம். ‘நெருக்கம்’ என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தார் மகள். 22 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர். மொத்தம் ஏறத்தாழ 12,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரி. அதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். இங்கே பாதாளச் சாக்கடை இல்லை, 22 செப்டிக் டேங்க், 22 உறிஞ்சுகுழி. தினமும் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரை, ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும், ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் மண்ணுக்குள் நாமே விடுகிறோம். மழைக்காலத்தில் மட்டும் கிடையாது, வருஷத்தின் எல்லா நாளும். நான் நர்ஸ், எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. வீக்கம் கண்ட காலுக்கு இன்னும் சலைன் ஏற்றுவது மாதிரி.

இன்னொன்றும் எழுதியிருந்தார். தனித்தனி வீடு என்றால் மேலிருந்து வரும் மழைத் தண்ணீர் இடைவெளியில் புகுந்து இறங்கிப் போகும். இங்கே பதினோரு வீடு சேர்ந்து ஒரே சுவர், சரிவுக்குக் குறுக்கே அணை கட்டின மாதிரி. தண்ணீர் பின்னால் தேங்கி, தடுப்புச் சுவரைத் தள்ளும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விடுவார்களா என்று பார்த்தால் படத்தில் அதற்கான குறியே இல்லை. மூவாயிரம் சதுர மீட்டரைத் தாண்டிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு பொதுவெளி விட வேண்டும் என்பதற்காகக் காட்டியிருந்த ‘பார்க்’, ஓடைக்கரையில் யாரும் நிற்க முடியாத செங்குத்தில் இருந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டும்விட்டேன். நீலகிரி படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் காலம் காலமாக வரிசை வீடுதானே, ஒரு வீட்டுச் சுவர்தானே அடுத்த வீட்டுக்கும்? அப்பாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. டீ வரவழைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். ஹட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கம்மா என்றார். திட்டுக்கு மேலே, மலைத் தோளில், கெட்டியான தரையில். ஓடைச் சரிவில் கிடையாது. பழைய வீடுகள் ஒற்றைத் தளம், முன்னால் நீளமான வாசல், மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்விடும். கீழே ஈரமான இடத்தை விவசாயத்துக்கும் மாட்டுக்கும் விட்டுவைத்தார்கள். வரிசை வீட்டில் தப்பே இல்லை, எந்தத் தரையில் எத்தனை வீடு என்பதுதான் கேள்வி என்றார். இதே இடத்தில் ரோட்டை ஒட்டிய மேல்பகுதியில் மட்டும், முறைப்படி அனுமதி வாங்கி, இடைவெளி விட்டு ஆறேழு வீடு கட்டினால் நானே வாங்கச் சொல்வேன் என்று ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், எது சரிப்படும் என்றும் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வீடே கட்டக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே வேலை பார்த்தவர்களுக்கும் வீடு வேண்டாமா?

குறைகளும் உண்டு. ஆறு நாளில் ரிப்போர்ட் என்று சொன்னார்கள், பதினோரு நாள் ஆனது. பில்டர் கொடுத்த பத்து நாள் டைம் அதற்குள் முடிந்துவிட்டது. நான்தான் அவர்களிடம் பேசி இன்னும் ஒரு வாரம் வாங்கினேன். நடுவில் மூன்று நாள் மகள் போன் எடுக்கவில்லை, வேறொரு இடத்தில் சிக்னல் இல்லாத பகுதியில் இருந்தாராம். ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். நாலாம் பக்கத்தில் வேறொருவருடைய சர்வே நம்பர் தவறாக வந்திருந்தது. சொன்னதும் பேனாவில் திருத்திக் கையெழுத்துப் போட்டார், நான் புதுப் பக்கம் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் இவர்கள் பார்ப்பதில்லை, அதற்கு வக்கீலிடம் தனியாகப் போக வேண்டும். படி வேறு ரொம்பச் செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் போன் செய்தால் அப்பா கீழே மருந்துக் கடைக்கு இறங்கி வந்து பேசுகிறார்.

நாங்கள் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு விற்பனை ஆபீஸுக்குப் போய், ரெரா எண் வந்த பிறகு பேசலாம், டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள் என்றோம். முதலில் திருப்பித் தர வழியில்லை என்றார்கள். ரெராவில் புகார் கொடுக்கப் போகிறோம் என்று எழுத்தில் கொடுத்த பிறகு, நாற்பது நாள் கழித்து 25,000-மும் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததும் மகள்தான், அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

நம் மாவட்டத்தில் மண் சரிய வாய்ப்புள்ளதாக 283 இடங்களை நிர்வாகமே குறித்து வைத்திருக்கிறது. 1993-ல் மரப்பாலத்திலும் 2009-ல் அச்சனக்கல்லிலும் நடந்த மண்சரிவு, 2019-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை, இதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்கு நேரில் தெரியும். வெளியூரிலிருந்து படம் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து 10,500 ரூபாய் செலவு செய்யத் தயங்காதீர்கள். இவர்களிடம்தான் போக வேண்டும் என்று இல்லை. சரிவில் உங்களோடு இறங்கி நடக்கிற, காகிதமும் படிக்கத் தெரிந்த யாரிடமாவது போங்கள்.

போகும்போது சர்வே நம்பரும் உட்பிரிவும், புலப்பட நகல், பட்டா, புரோஷர், குறுக்குவெட்டுப் படம் இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு போங்கள். ஞாயிறு விடுமுறை. செவ்வாயும் வெள்ளியும் இடம் பார்க்க வெளியே போய்விடுவார்கள், மற்ற நாளில் பத்து மணிக்கு மேல் அறையில் இருப்பார்கள்.

இப்போது அரவேணு பக்கம் ஐந்து சென்ட் இடம் ஒன்று வந்திருக்கிறது, திட்டின் மேலே, பழைய வீட்டோடு. ரிப்போர்ட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். ஆனால் அப்பா இப்போது வரமாட்டேன் என்கிறார். ஐப்பசியில் நல்ல மழை ஒரு நாலு நாள் பெய்யட்டும், குடை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறோம்.